ஸ்கிராட்ச்சில் கம்பிக் கனசதுரம், அட்டைப்பெட்டியில் இரண்டு லென்ஸ்: ஒரு முப்பரிமாணச் செய்முறை

கருப்புத் திரையில் கோடுகளால் மட்டும் ஆன ஒரு கனசதுரம். அதை இடக்கண் இருக்கும் இடத்திலிருந்து ஒரு தடவையும் வலக்கண் இருக்கும் இடத்திலிருந்து ஒரு தடவையும் வரைந்து, அந்தந்தப் படத்தை அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் காட்டினால், 60 செ.மீ. தள்ளி அந்தரத்தில் ஒரு பெட்டி நின்று சுழலும். முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து இரு கண்ணுக்கும் இரு படம் காட்டும் வித்தையை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிவிட்டார். 1968-இல் ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டிக்கொள்ளும் திரையில் கணினி வரைந்த கம்பிக்கூட்டுப் படங்களைக் காட்டினார். இன்று அதைச் செய்ய ஒரு ஃபோன், கொஞ்சம் அட்டை, இரண்டு குவிலென்ஸ், கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் என்ற கருவி போதும்.

நிரலாக்கத்தின் முதல் பாடங்களான மாறி (மதிப்பைப் பெயரிட்டு வைப்பது), பட்டியல், மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் நிரல்துண்டு), இரும எண் (0, 1 மட்டும் கொண்டு எழுதுவது) ஆகிய ஐந்தும் இதில் வருகின்றன. நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் அச்சிடும் பயிற்சியிலும் மடக்கு உண்டுதான். ஆனால் அங்கே தவறு நடந்தால் கோணலான முக்கோணம் வரும், அவ்வளவே. இங்கே ஒரு கழித்தல் குறி இடம் மாறினால் பெட்டியின் முன்பக்கம் பின்னுக்குப் போய்விடும், கண் வலிக்கும். தவறை உடம்பே சொல்லிவிடும் என்பதால், பத்தாம் வகுப்பு மாணவருக்கு முதல் செய்முறையாக இதையே தயங்காமல் கொடுக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கும் சைன், கோசைன் பற்றிய சிறு அறிமுகமும் தேவை.

தேவையானவை

25 மி.மீ. விட்டமும் 45 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட, இருபுறமும் குவிந்த அக்ரிலிக் லென்ஸ் 2. ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள அட்டை, ஏ3 அளவில் இரண்டு தாள். கருப்புச் சார்ட் பேப்பர், ஃபெவிகால், கட்டர், எஃகு ஸ்கேல், காம்பஸ், இரண்டு பெரிய ரப்பர் பேண்ட். 6 முதல் 6.7 அங்குலத் திரையுள்ள எந்த ஃபோனும் சரி. நிரல் எழுத ஒரு கணினி.

லென்ஸின் குவியத் தொலைவைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து நம்ப வேண்டாம், அளந்து பார்க்கவும். பகலில் சன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே லென்ஸைப் பிடித்து, வெளியே பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள மரத்தின் தலைகீழ்ப் பிம்பம் கூர்மையாக விழும்வரை முன்பின் நகர்த்தவும். அப்போது சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. இதைச் சூரியனை வைத்துச் செய்யக் கூடாது. லென்ஸை வெயிலில் விட்டுச் செல்லவும் கூடாது, அட்டை தீப்பிடிக்கும்.

திரையில் ஓர் அலகு எத்தனை மி.மீ.?

நிரல் எழுதும் முன்பே இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் செய்முறை சொதப்புவது இங்கேதான்.

ஸ்கிராட்ச்சில் படம் தோன்றும் பரப்புக்கு மேடை என்று பெயர். அது 480 அலகு அகலம், 360 அலகு உயரம். 20:9 விகிதமுள்ள 6.5 அங்குல ஃபோனின் திரை சுமார் 150.6 மி.மீ. நீளம், 67.8 மி.மீ. உயரம். மேடை முழு உயரத்தை நிரப்பினாலும் அதன் அகலம் 90.4 மி.மீ. மட்டுமே. அதைச் சரிபாதியாக இரு கண்ணுக்கும் பிரித்தால் இரு படங்களின் மையங்களுக்கு இடையே 45 மி.மீ. இருக்கும். பெரியவர்களின் கண்மணி இடைவெளியோ சராசரியாக 63 மி.மீ. ஒவ்வொரு கண்ணும் 9 மி.மீ. உள்நோக்கித் திரும்ப வேண்டும். 45 மி.மீ. குவியத் தொலைவில் அது 11 பாகைக்கு மேல். அதாவது 16 செ.மீ. முன்னால் உள்ள பொருளைப் பார்ப்பதுபோல் கண் ஒருக்களிக்கும். இரண்டே நிமிடத்தில் நெற்றி வலிக்கும்.

தீர்வு, மேடையை அகலமாக்குவது. ஸ்கிராட்ச்சில் அதற்கு வழி இல்லை. ஸ்கிராட்ச் கோப்புகளை அப்படியே ஏற்கும் டர்போவார்ப் என்ற இலவச வலைக்கருவியில் மேடையின் அளவை மாற்றலாம். 720 × 360 என்று வைத்தால் எக்ஸ் −360 முதல் 360 வரை போகும், மேடையின் அகலம் 135.6 மி.மீ. ஆகும். அங்கேயே ‘ஹை குவாலிட்டி பென்’ என்ற தெரிவையும் இயக்கிவிடவும். அது இல்லையென்றால் பேனாக் கோடுகள் 720 × 360 புள்ளிகளில் வரையப்பட்டுப் பிறகு பெரிதாக்கப்படும். லென்ஸ் வழியே படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும்.

இப்போது அளவீடு. எக்ஸ் −150-இலிருந்து 150 வரை ஒரு கோடு வரையும் மூன்று வரி நிரலை எழுதி, ஃபோனில் முழுத்திரையில் ஓட்டி, ஸ்கேலால் அளக்கவும். மேலே சொன்ன திரையில் 56.5 மி.மீ. வரும். 300-ஐ 56.5-ஆல் வகுத்தால் 5.31. ஒரு மி.மீ.க்கு 5.31 அலகு. 100 அலகுக் கோட்டை அளந்தால் அரை மி.மீ. பிழையே 2.7 சதவீதமாகிவிடும் என்பதால்தான் 300. முழுத்திரைக்குப் போன பிறகே அளக்க வேண்டும். உலாவியின் மேல்பட்டை தெரிந்தால் மேடை சுருங்கி, எண் மாறிவிடும்.

மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஸ்கிராட்ச் ஏற்கும். நீளம் எல்லாமே மி.மீ.யில் இருக்கட்டும். உலகத்தைச் செ.மீ.யிலும் லென்ஸை மி.மீ.யிலும் வைத்தால் எங்கோ ஒரு பத்து விடுபட்டுப்போகும்.

அலகு = 5.31
குவியம் = 45
லென்ஸ்இடை = 63
கண்இடை = 63
மையம் = லென்ஸ்இடை ÷ 2 × அலகு (167 வரும்)
விரிவு = குவியம் × அலகு (239 வரும்)
அரைப்பக்கம் = 100
ஆழம் = 600

லென்ஸ்இடை, கண்இடை இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்போது இரண்டு மாறி எதற்கு என்று தோன்றும். முதலாவது அட்டையில் வெட்டிய துளைகளின் இடைவெளி, அது மாறாது. இரண்டாவது பார்ப்பவரின் முகம். பத்து வயதுச் சிறுவருக்கு அது 55-ஐ ஒட்டி இருக்கும். பொருள் வேறென்றால் மதிப்பு ஒன்றானாலும் மாறி வேறாகவே இருக்கட்டும்.

எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு

கனசதுரத்துக்கு 8 மூலை. ஒவ்வொன்றுக்கும் எக்ஸ், ஒய், இசட் என 24 எண்களைக் கையால் பட்டியலில் தட்டலாம். 12 விளிம்புகளுக்கு எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்று இன்னொரு 24 எண். 48-இல் ஒன்று தவறினாலும் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இரும எண் இங்கே அருமையாகக் கைகொடுக்கிறது.

0 முதல் 7 வரையுள்ள எண்களை இருமத்தில் எழுதினால் 000, 001, 010 என்று 111 வரை எட்டு வடிவங்கள். மூன்று இலக்கங்களில் கடைசி எக்ஸ், நடு ஒய், முதல் இசட் என்று கொள்வோம். இலக்கம் 0 என்றால் −100, 1 என்றால் +100. எட்டு எண்ணும் எட்டு மூலைகளாகிவிட்டன. எடுத்துக்காட்டாக 5 என்பது 101. எக்ஸ் +100, ஒய் −100, இசட் +100.

இலக்கத்தைப் பிரிக்க ‘மாட்’ (வகுத்தால் வரும் மீதி), ‘ஃப்ளோர்’ (பின்னத்தை விட்ட முழு எண்) கட்டைகள் போதும். எண் மாட் 2 கடைசி இலக்கத்தைத் தரும். எண்ணை 2-ஆல் வகுத்து ஃப்ளோர் செய்து மாட் 2 எடுத்தால் நடு இலக்கம். 4-ஆல் வகுத்து ஃப்ளோர் செய்தால் முதல் இலக்கம். கிடைத்ததை 2-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்து அரைப்பக்கத்தால் பெருக்கினால் மூலையின் இடம். இந்த மதிப்புகளை மூலைஎக்ஸ், மூலைஒய், மூலைஇசட் என்ற மூன்று பட்டியல்களில் ஒரு ‘ரிப்பீட் 8’ மடக்கால் சேர்த்துவிடலாம்.

சேர்க்கும் முன் மூன்று பட்டியலையும் ‘டிலீட் ஆல்’ செய்வது கட்டாயம். ஸ்கிராட்ச் பட்டியல்கள், நிரலைத் தொடங்கும் பச்சைக்கொடியை மறுபடி அழுத்தினாலும் அழியாது. 8 என்பது 16, 24 என்று நீளும். முதல் எட்டு உறுப்புகள் சரியாகவே இருப்பதால் படமும் சரியாக வரும். அரைப்பக்கத்தை 100-இலிருந்து 150 ஆக்கும் நாளில்தான் பெட்டி வளர மறுக்கும். புதிய எண்கள் பட்டியலின் வாலில் இருக்க, நிரல் இன்னும் பழைய எட்டையே படித்துக்கொண்டிருக்கும்.

இனி விளிம்பு. கனசதுரத்தில் ஒரு விளிம்பின் இரு முனைகளும் ஒரே ஒரு திசையில்தான் வேறுபடும். இருமத்தில் சொன்னால், ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறும். ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் 1, 2, 4 என்ற மூன்று அடிகளைச் சோதிக்கவும். எண்ணை அடியால் வகுத்து ஃப்ளோர் செய்து மாட் 2 எடுத்தால் 0 வருகிறதா? வந்தால் எண்ணிலிருந்து எண் + அடிக்கு ஒரு கோடு. 8 எண், 3 அடி, 24 சோதனை. அதில் சரிபாதி தேறும்: 12 விளிம்பு. அடி என்ற மாறியை 1-இல் தொடங்கி மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் 2-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். விளிம்புப் பட்டியலே வேண்டாம்.

ஒரு கண்ணி உண்டு. எண்கள் 0-இலிருந்து தொடங்குகின்றன, ஸ்கிராட்ச் பட்டியலோ 1-இலிருந்து. பட்டியலில் தேடும்போது எண் + 1, எண் + அடி + 1 என்று கேட்க வேண்டும். மறந்தால் 0-ஆவது உறுப்புக்கு வெற்று விடை வரும். கணக்கில் அது 0 ஆகும். பெட்டியின் நடுவிலிருந்து மூன்று கோடுகள் கிளம்பி, வேறு சில விளிம்புகள் மூலைவிட்டங்களாகத் தெரிந்தால் காரணம் இந்த ஒன்றுதான்.

சுழற்சி

செங்குத்து அச்சில் சுழற்ற:

புதுஎக்ஸ் = எக்ஸ் × கோசைன் + இசட் × சைன்
புதுஇசட் = இசட் × கோசைன் − எக்ஸ் × சைன்

ஸ்கிராட்ச் கோணத்தைப் பாகையில் எடுக்கும். புதுஎக்ஸ் என்று தனி மாறி வைக்காமல் எக்ஸிலேயே விடையை எழுதினால் இரண்டாவது வரி மாறிப்போன எக்ஸைப் பயன்படுத்திவிடும். அப்படிச் செய்தால் பெட்டியின் பரப்பு கோசைனின் இருமடிக்கு ஏற்பச் சுருங்கும். 0 பாகையில் சரியாக இருந்து, திரும்பத் திரும்ப நசுங்கி, 90 பாகையில் காகிதம் போலத் தட்டையாகும். இந்த அறிகுறியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சுழற்றிய மதிப்புகளை வேறு மூன்று பட்டியல்களில் வைக்கவும். மூலப் பட்டியலையே மாற்றிக்கொண்டு போனால் தசமப் பிழைகள் சட்டகத்துக்குச் சட்டகம் (ஒவ்வொரு தடவை வரையும் முழுப்படம் ஒரு சட்டகம்) சேர்ந்துகொண்டே போகும். எப்போதும் மூலத்திலிருந்தே கணக்கிட்டால் பிழை சேராது.

கோணத்துக்கு ‘சேஞ்ச் பை 2’ என்று போட்டால் நொடிக்கு 30 சட்டகம் ஓடும் இடத்தில் 60 பாகையும், 60 சட்டகம் ஓடும் இடத்தில் 120 பாகையும் திரும்பும். டைமரை 40-ஆல் பெருக்கி அதையே கோணமாக வைத்தால் எந்தக் கருவியிலும் 9 நொடிக்கு ஒரு சுற்று.

கண்ணுக்கு ஒரு படம்

வலக்கண் என்றால் பக்கம் = 1, இடக்கண் என்றால் பக்கம் = −1. மொத்த முப்பரிமாணமும் கீழுள்ள மூன்று வரிக்குள் அடங்கிவிடுகிறது:

தூரம் = ஆழம் + புதுஇசட்
திரைஎக்ஸ் = பக்கம் × மையம் + விரிவு × (புதுஎக்ஸ் − பக்கம் × கண்இடை ÷ 2) ÷ தூரம்
திரைஒய் = விரிவு × (ஒய் − 60) ÷ தூரம்

தூரத்தால் வகுப்பதால் தள்ளியிருப்பது சிறிதாகிறது. பக்கத்தால் பெருக்கிக் கழிப்பதால் அருகிலுள்ளது மூக்கை நோக்கி அதிகமாக நகர்கிறது. ஒய்யில் 60 கழிப்பது பெட்டியின் மையத்தைப் பார்வை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்க. ஸ்கிராட்ச்சில் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்ற முன்னுரிமை கிடையாது. ஒரு கட்டைக்குள் இன்னொரு கட்டையை எங்கே செருகுகிறோமோ அதுவே அடைப்புக்குறி. வகுத்தல் கட்டையின் இடப்பாதியில் கழித்தல் கட்டை முழுவதாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

விளிம்பு வரையும்போதே இரு முனைகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் சட்டகத்துக்கு 12 × 2 × 2 = 48 தடவை. முதலில் 8 மூலைகளுக்கும் போட்டுத் திரைஎக்ஸ், திரைஒய் என்ற பட்டியல்களில் வைத்துக்கொண்டு பிறகு கோடு இழுத்தால் 16 தடவை. கனசதுரத்துக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. உருவம் பெரிதாகும்போது ஃபோன் சூடாவதில் தெரியும்.

கோடு வரைய: பென் அப், முதல் முனைக்கு ‘கோ டு’, பென் டவுன், இரண்டாம் முனைக்கு ‘கோ டு’. பேனாத் தடிமன் 2. பேனாவை நகர்த்தும் உருவமான ஸ்பிரைட்டை மறைத்துவிடலாம், மறைந்திருந்தாலும் பேனா எழுதும். நிறம் பச்சை. வெள்ளைக் கோடு இந்த ஒற்றை லென்ஸில் ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகப் பிரியும். பச்சைப் புள்ளிகள் மட்டும் எரிந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவற்றை மூலைஅமை, சுழற்று, வரை என்று ‘மேக் எ பிளாக்’ மூலம் மூன்று செயற்கூறுகளாகப் பிரிக்கவும். வரை என்பதற்குப் பக்கம் என்ற உள்ளீடு உண்டு. ஒரே நிரல் இரண்டு கண்ணுக்கும் உழைக்கிறது. இடக்கண்ணுக்கென்று பிரதியெடுத்த இரண்டாவது நிரல் வைத்துக்கொண்டால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது நிச்சயம். ஸ்கிராட்ச்சின் சொந்தக் கட்டைகள் விடை திருப்பித் தருவதில்லை, எனவே முடிவுகளை மாறியிலோ பட்டியலிலோதான் விட்டுவர வேண்டும்.

நான்காவதாக ஒருசட்டகம் என்றொரு கட்டை: எரேஸ் ஆல், சுழற்று, வரை −1, வரை 1. இதற்கு ‘ரன் வித்தவுட் ஸ்கிரீன் ரிஃப்ரெஷ்’ பெட்டியில் டிக் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மடக்கு கோட்டுக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிக்கக் காத்திருக்கும். 24 கோடு, நொடிக்கு 30 சட்டகம். ஒரு படம் வரைந்து முடிக்கவே 0.8 நொடி போய்விடும், நடுவே வெற்றுத்திரை மின்னும். ‘ஃபாரெவர்’ மடக்கு இந்தக் கட்டைக்கு வெளியே, பச்சைக்கொடியின் கீழ் இருக்கட்டும். உள்ளே வைத்தால் மேடை திணறி நின்றுவிடும்.

கணினியிலேயே எண்களைச் சரிபார்க்கலாம். தூரம் 600-இல் உள்ள ஒரு புள்ளியின் இடப்படத்துக்கும் வலப்படத்துக்கும் இடையே சுமார் 309 அலகு இருக்க வேண்டும். அருகில், 460-இல், 302. தள்ளி, 740-இல், 314. அருகில் உள்ளதற்கு இடைவெளி குறைவு, தள்ளி உள்ளதற்கு அதிகம். இது தலைகீழாக இருந்தால் பக்கத்தின் குறி மாறியிருக்கிறது. அந்த நிலையில் பார்த்தால் பெட்டியின் பின்பக்கம் முன்னால் வந்ததுபோல் குழப்பும்.

அட்டைப்பெட்டி

லென்ஸ் பலகைக்கு 150 × 80 மி.மீ. அளவில் மூன்று அட்டை. நடு அட்டையில் 25 மி.மீ. துளை, வெளி இரண்டிலும் 23 மி.மீ. துளை. மூன்றிலும் துளை மையங்களின் இடைவெளி 63. லென்ஸை நடுவில் வைத்து ஒட்டினால் பசை கண்ணாடியைத் தொடாமலே இறுகப் பிடிக்கும். மூன்றையும் ஒன்றாக அடுக்கி, காம்பஸ் முனையால் மையங்களைக் குத்திக்கொண்டு பிறகு தனித்தனியாக வெட்டவும். தனித்தனியாக அளந்து வரைந்தால் துளைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. கீழ்விளிம்பின் நடுவில் மூக்குக்கு ஒரு வெட்டு.

லென்ஸுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம்? சரியாக 45 வைத்தால் பிம்பம் முடிவிலியில் நிற்கும். நாம் வரைந்த கனசதுரமோ 60 செ.மீ.யில் இருக்கிறது, கண்கள் அங்கே கூடும், குவிவது மட்டும் வேறெங்கோ இருக்கும். திரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பிம்பம் அருகில் வரும். 44 மி.மீ.யில் பிம்பம் சுமார் 2 மீட்டரில், 43-இல் 97 செ.மீ., 42-இல் 63 செ.மீ., 41-இல் 46 செ.மீ. நமக்கு வேண்டியது 42. ஒரு மி.மீ.க்கு இவ்வளவு மாறும் என்பதால் வெட்டுவதில் அவசரம் கூடாது. மைனஸ் 2 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 41-இல் தெளிவாகப் பார்க்கலாம். 45-ஐத் தாண்டினால் எந்தச் சாதாரணக் கண்ணுக்கும் கூர்மை வராது.

மூன்றடுக்குப் பலகை 6 மி.மீ., அதன் நடுவில் லென்ஸ். ஆகவே பலகையின் உள்முகத்திலிருந்து திரைக்கு 39. மேல், கீழ்ச் சுவர்கள் 150 × 39. பக்கச் சுவர்களும் நடுத்தடுப்பும் 76 × 39. மேல், கீழ்ச் சுவர்களின் தடிமன் போக உயரம் அவ்வளவுதான். முதலில் 41 வைத்து வெட்டி, பிறகு அரை அரை மி.மீ.யாக உப்புத்தாளில் தேய்த்துக் குறைப்பது நல்லது. அட்டையை நீட்ட முடியாது. உள்ளே முழுவதும் கருப்புச் சார்ட் ஒட்டவும். பழுப்பு அட்டை திரையின் ஒளியை வாங்கித் திருப்பி, கருப்புப் பின்னணியைச் சாம்பலாக்கிவிடும். நடுத்தடுப்பு கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் இடக்கண்ணுக்கு வலப்படமும் தெரிந்து, ஒரு பெட்டி மூன்றாகிவிடும்.

நிரலை டர்போவார்ப் பேக்கேஜரில் ஒற்றை வலைக்கோப்பாக மாற்றி ஃபோனுக்கு அனுப்பலாம். பிறகு இணையம் தேவையில்லை. மேடை அளவு 720 × 360 என்று அங்கேயும் குறிப்பிட வேண்டும். பல ஃபோன்களில் முன்கேமராத் துளைக்கு இடம்விட்டு மேடை ஒருபக்கம் நகர்ந்திருக்கும். எனவே எக்ஸ் 0-இல் ஒரு மங்கலான செங்குத்துக் கோடு வரைந்துவைத்து, அந்தக் கோடு நடுத்தடுப்பின் மேல் விழும்படி ஃபோனை வைக்கவும். ஃபோனின் உடலை நடுவாக வைப்பது போதாது. இரு ரப்பர் பேண்டுகளால் கட்டி, திரை அணையும் நேரத்தை நீட்டி, வெளிச்சத்தைப் பாதிக்கும் சற்று மேலாக வைத்துப் பார்க்கவும்.

வேலை செய்கிறதா?

கம்பிக் கனசதுரம் இதற்கு நல்ல சோதனைப் பொருள். எந்த முகம் முன்னால் என்று ஒற்றைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் முன்னும் பின்னும் புரளும். 1832-இல் லூயி ஆல்பர்ட் நெக்கர் இதைப் பதிவு செய்தார். ஒரு கண்ணை மூடி, பெட்டி புரளும்வரை பார்க்கவும். சுழலும் திசையும் சேர்ந்து மாறும். உடனே இன்னொரு கண்ணையும் திறக்கவும். புரள்வது நின்று, முன்முகம் முன்னால் பொருந்திவிட்டால் எல்லாக் கணக்கும் சரி.

இரண்டாகத் தெரிந்தால்: ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக என்றால் மையம் தவறு, அலகை மறுபடி அளக்கவும். ஒன்றன் மேல் ஒன்றாக என்றால் ஃபோன் சாய்ந்திருக்கிறது. கண் கிடைவாக்கில் ஓரளவு சமாளிக்கும், செங்குத்தில் ஒரு மி.மீ.யைக்கூடப் பொறுக்காது. இரண்டும் இல்லாமல் மங்கலாக மட்டும் இருந்தால் 42 மி.மீ.யைச் சரிபார்க்கவும். சிறுவர்கள் பார்க்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, தூரத்தில் உள்ளதைப் பார்க்கச் சொல்லவும்.

அறை அளவுக்குப் பெரிதாக்கினால்

கனசதுரத்துக்குப் பதில் தரைக்கட்டம் வரைந்தால் புதிய சிக்கல் ஒன்று தெரியும்: ஓரங்களில் நேர்க்கோடு வளையும். லென்ஸ் மையத்தைவிட ஓரத்தை அதிகம் பெரிதாக்குவதே காரணம். எதிர்த்திசையில் முன்கூட்டியே சுருக்கி வரைய வேண்டும். 2014-இல் வந்த கூகுள் கார்ட்போர்ட் என்ற, ஃபோனை உள்ளே வைத்துப் பார்க்கும் அட்டைப்பெட்டியின் முதல் வடிவத்துக்கு, ஆர் என்பது மையத்திலிருந்து உள்ள தூரத்தை விரிவால் வகுத்தது என்று கொண்டு, 1 + 0.441 ஆர்² + 0.156 ஆர்⁴ என்ற கோவையைப் பயன்படுத்தினார்கள். நம் லென்ஸும் அதே வகை. புள்ளியின் இடத்தை இந்த எண்ணால் வகுத்தால் தோராயமாகச் சரியாகும். ஆர் 0.2-இல் 1.8 சதவீதமே சுருங்கும் என்பதால் சிறு பெட்டிக்குத் தேவையில்லை, 0.5-இல் 11 சதவீதம். முனைகளை மட்டும் நகர்த்தினால் போதாது. ஒரு கோட்டை எட்டுத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டின் முனையையும் நகர்த்த வேண்டும், அப்போதுதான் கோடு வளையும்.

கோடுகள் மேடைக்கு வெளியே போகும்போது இன்னொன்று நடக்கும். ஸ்கிராட்ச் ஸ்பிரைட்டை மேடைக்குள்ளேயே பிடித்து வைப்பதால் கோட்டின் முனை விளிம்பில் சிக்கி, சாய்வு மாறிவிடும். டர்போவார்ப்பில் ‘ரிமூவ் ஃபென்சிங்’ என்பதை இயக்கினால் தீரும்.

தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப வேண்டுமா? கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வரிசை மட்டும் மாறும். இதுவரை முதலில் சுழற்றி, பிறகு ஆழத்தைக் கூட்டினோம். பெட்டி தன் அச்சில் சுழன்றது. முதலில் ஆழத்தைக் கூட்டி, பிறகு சுழற்றினால் பெட்டி நம்மைச் சுற்றி வரும், அதாவது நாம் தலையைத் திருப்புகிறோம். தலை வலப்பக்கம் திரும்பினால் உலகம் இடப்பக்கம் நகர வேண்டும். குறியை அதற்கேற்ப வைக்கவும். அம்புக்குறி விசைகளால் கோணத்தை மாற்றிக் கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். தூரம் 0-ஐ நெருங்கும்போது கோடு எங்கோ பறக்கும், 0-க்குக் கீழே போனால் முதுகுக்குப் பின்னாலுள்ள பெட்டி தலைகீழாக முன்னால் தோன்றும். ஏதாவது ஒரு முனையின் தூரம் 200-க்குக் குறைந்தால் அந்த விளிம்பை வரையாமல் விட்டுவிடவும்.

ஃபோனின் உண்மையான அசைவை ஸ்கிராட்ச் கட்டைகள் தருவதில்லை. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதித்தான் அந்தக் கோணங்களைப் பெற வேண்டும். பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கமாக இருக்க வேண்டும், ஐஃபோன்களில் ஐஓஎஸ் 13 முதல் பயனர் திரையைத் தொட்டு அனுமதி தந்தாக வேண்டும். ஃபோனில் கைரோஸ்கோப் (திரும்புவதை உணரும் கருவி) இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் முதலில் பார்த்துக்கொள்ளவும். விலை குறைந்த பல ஃபோன்களில் முடுக்கமானி மட்டுமே உண்டு. அது ஈர்ப்பின் திசையைத்தான் அறியும். தலையை மேலும் கீழும் ஆட்டினால் காட்சி அசையும், இடம் வலமாகத் திருப்பினால் அசையாது.